கடைசியாகப் படுப்பவரின் தூக்கம்

நம் வீடுகளில் கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழுபவரும் பெரும்பாலும் ஒருவரே. பாத்திரம் கழுவி, அடுப்படியைத் துடைத்து, மறுநாள் இட்லிக்கு மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் படுக்க மணி பதினொன்றாகும். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்தால் எழுந்திருப்பதும் அவரே. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 88 நிமிடம். வேலைக்கும் போய்வரும் பெண்ணுக்கு இந்த நேரம் பல வீடுகளில் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அது தொடர்ந்து குறைந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் எடை, மனச்சோர்வு எல்லாம் கூடும். தூக்கமின்மை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆனாலும் ஒரு பெண் "தூக்கமே வரலை" என்றால், "கண்டதையும் யோசிச்சுக்கிட்டுப் படுத்தா எப்படி வரும்?" என்று அவள் வாயை அடைத்துவிடுகிறோம். பல நேரங்களில் காரணம் யோசனை அல்ல, உடம்பு.

கால் குடைச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். காலை ஆட்டினாலோ எழுந்து நடந்தாலோதான் அடங்கும். வேலைக் களைப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே வருடங்களை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இதற்கு ஒரு முக்கியக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் குடைச்சல் தொடர்ந்தால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து ஏறினால் தூக்கம் திரும்ப நல்ல வாய்ப்புண்டு.

கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப் போகாமல், ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்தை இது குறைக்கிறது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு வலியும் தணியும்.

மாதவிடாய் நிற்கும் வயதில் நடு இரவில் உடம்பு கொதித்து, வியர்த்து விழிப்பு வரும். அதைப் பற்றிப் பேசக்கூடக் கூச்சப்படுகிறோம். சிகிச்சை இருக்கிறது, மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயும் இந்த வயதுக்குப் பிறகு கூடுகிறது. பெண்கள் பலருக்கு இது பலத்த குறட்டையாகத் தெரியாமல், காலைத் தலைவலியாகவும் தீராத அசதியாகவும் வருவதால் எளிதில் தப்பிவிடுகிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள இளம்பெண்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். சோல்பிடெம் என்ற மாத்திரை பெண்களின் உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறுவதால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரையே அல்ல. பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்செய்யும் நடத்தைச் சிகிச்சை. மனபாரம் தூங்கவிடவில்லை என்றால் டெலிமனாஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

அடுத்தது படுக்கை. கட்டில் கணவருக்கு, மெத்தை பிள்ளைகளுக்கு, தரையில் பாய் அம்மாவுக்கு என்ற பங்கீட்டை எத்தனையோ வீடுகளில் காணலாம். பாய் கெட்டதல்ல, வெயில் காலத்தில் இதமானது. ஆனால் மூட்டுவலி உள்ளவரும் நிறைமாதக்காரியும் தரையிலிருந்து எழுவது தினசரித் தண்டனை. முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து என்ற நம்பிக்கையும் சரியல்ல. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 313 பேரிடம் நடந்த ஆய்வு 2003-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையே வலியைக் குறைத்தது. கடையில் பத்து நிமிடமாவது ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். தோளும் இடுப்பும் சற்றே அமுங்கி, முதுகெலும்பு நேராக இருந்தால் போதும். ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்துவைக்கும். இரவில் வியர்ப்பவர்களுக்குப் பஞ்சு மெத்தை நல்லது. கட்டிதட்டிய பழைய மெத்தையைப் பஞ்சடித்துத் தைத்துக்கொண்டால் செலவும் குறைவு. 'ஆர்த்தோ' என்று அட்டையில் அச்சிட்டிருப்பது மருத்துவரின் பரிந்துரை ஆகாது.

ரசீது வாங்காமல் மெத்தை வாங்காதீர்கள். ரசீதில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். முதலில் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

தூக்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின்மீது நள்ளிரவில் போலீஸ் நடவடிக்கை எடுத்த வழக்கு அது. தூக்கத்தைக் கெடுக்கும் சத்தத்துக்கும் சட்டம் எல்லை வைத்திருக்கிறது: இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை பொதுவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விழாக்களுக்காக ஆண்டில் அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவு 12 மணிவரை மட்டும் அரசு விலக்களிக்கலாம். மீறினால் 100-ஐ அழையுங்கள்.

குடித்துவிட்டு வந்து வீட்டுக்குள்ளேயே விடிய விடியத் தூங்கவிடாமல் சண்டையிடுவது 'குடும்ப விஷயம்' அல்ல. உடல்நலத்தையும் மனநலத்தையும் கெடுக்கும் நடத்தையை 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறையாகவே கருதுகிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். நடு இரவிலும் உதவி கேட்க மகளிர் உதவி எண் 181 இருக்கிறது.