கல்லில் ஏறாத பெயர்கள்

நம் நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில், சாவடிச் சுவரிலோ பழைய கட்டிடமொன்றின் முகப்பிலோ ஒரு சலவைக்கல் பதித்திருப்பதைக் காணலாம். 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். எண் இருக்கும், பெயர் இராது. சென்றவர் யார், எவருடைய புதல்வர், அவருடைய சந்ததியார் எந்தத் தெருவில் வசிக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தக் கல் விடை கூறுவதில்லை. விடை தேடும் கடமை, அவர்கள் வம்சத்தில் வந்தவர்களுடையது.

இந்த மௌனம் கிராமத்துக் கல்லோடு நிற்கவில்லை. அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். சுமார் 74,000 பேர் மாண்டனர். பிரான்ஸ் தேசத்தில் நவ் ஷப்பேல் என்னுமிடத்தில் 1927-ல் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்களைப் பொறித்தார்கள். அது ஐரோப்பியர் கண்ணில் படும் இடம். மெஸபொடேமியாவில் மாண்டு சமாதியும் அறியப்படாத 40,000-க்கு மேற்பட்டோருக்காக 1929-ல் பாஸ்ராவில் எழுப்பிய சின்னத்திலோ, வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் பட்டாளத்தின் பெயரும் மாண்டவர் தொகையுமே!

மரணத்தில் அனைவரும் சமம் என்பதே யுத்த சமாதிக் கமிஷன் அன்று உலகுக்கு அறிவித்த கொள்கை. அந்தக் கொள்கை மீறப்பட்டதை 2021-ல் அக்கமிஷனே ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆசியா, ஆப்பிரிக்காக் கண்டங்களைச் சேர்ந்தவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயர் பொறிக்கப்படாமலோ, நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டனர் என்பது அவ்வறிக்கையின் கணக்கு.

நம்மவர்கள் ஏன் சென்றார்கள்? சாம்ராஜ்யத்தின்மீது கொண்ட பக்தியினால் என்று அந்நாளைய சர்க்கார் சொல்லிக்கொண்டது. சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். வானம் பொய்த்த சீமையில் அந்தப் பதினொரு ரூபாய் ஒரு குடும்பத்தின் உயிர். உயிரைப் பணயம் வைத்துத் திரும்பியவர்களுக்கு 1919-ல் கிடைத்த வெகுமானமோ ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும்! ஆயினும், அரசு அநீதி செய்தது என்பதற்காகப் பாட்டனாரை நாம் மறந்துவிடலாமா?

அவரைத் தேடுவதில் நமக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஐரோப்பியரைப்போல் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஊருக்கு நாலு முனுசாமி, நாலு அந்தோணி. அதிலும் பாட்டனார் பெயரைத் தாங்குவதனாலேயே அவன் பேரன். ஆதலால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வருகிறது. பெயரை மட்டும் கொண்டு தேடுகிறவர் வேறொருவருடைய பாட்டனாரைத்தான் கண்டுபிடிப்பார். தகப்பனார் பெயர், கிராமம், ஜில்லா, பட்டாளம் ஆகிய நான்கும் வேண்டும்.

முதல் மூன்றும் வீட்டிலேயே கிடைக்கக்கூடியவை. பழைய கிரயப் பத்திரங்களில் 'இன்னாருடைய குமாரர் இன்னார்' என்ற வாசகம் தவறாமல் இருக்கும். ஜாதகக் கட்டு, பட்டா, ஞானஸ்நானப் பதிவு, தர்ப்பணத்தில் சொல்லும் மூன்று தலைமுறைப் பெயர்கள், குலதெய்வக் கோயில் வரிக் கணக்கு ஆகியவை எல்லாம் சாட்சிகளே. நான்காவது விவரத்துக்கு மெடலைப் பார்க்கவேண்டும். ஒரு புறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபுறம் குதிரைமேல் வீரனும் உள்ள யுத்த மெடல் பல வீடுகளில் பூஜை அறைப் பெட்டியில் கிடக்கிறது. முகத்தைப் பார்ப்பவர்கள் விளிம்பைப் பார்ப்பதில்லை. விளிம்பில்தான் எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் சிறிய எழுத்தில் பொறித்திருக்கும்.

நம்மிடம் வாசிக்கும் மாணவன் ஒருவனுடைய வீட்டில், முப்பாட்டனார் சுபேதாராக இருந்தவர் என்பது பரம்பரைப் பேச்சு. அவன் கொண்டுவந்த மெடலோ வெள்ளியன்று, வெண்கலம். சிப்பாய்களுக்கு வெள்ளியும், கூலிப் படையினருக்கு வெண்கலமும் வழங்கினார்கள். விளிம்பிலும் கூலிப் படையின் பெயரே இருந்தது. பையனின் முகம் வாடிவிட்டது. விஷயத்தை அறிந்த அவன் பாட்டியார், "மண்ணு சுமந்தா என்னடா? அவர் போய்ச் சம்பாதிச்ச காசுலதான் இந்த மனைக்கட்டே வாங்கினது!" என்றாராம். பதவியைப்பற்றிய பெருமை போயிற்று, மனிதர் கிடைத்தார். வம்ச சரித்திரம் எழுதப் புகுவோர் இத்தகைய உண்மைக்குத் தயாராக இருக்கவேண்டும். பாலைவனத்தில் சாலையும் இருப்புப் பாதையும் போட்டவன் இல்லாமல் எந்தச் சேனாதிபதியும் பாக்தாத் நகருக்குள் பிரவேசித்திருக்க முடியாது.

பட்டாளம் தெரிந்துவிட்டால் வழி திறந்துகொள்ளும். மாண்டவராயின், சமாதிக் கமிஷனின் பட்டியலைக் கணினியில் வீட்டிலிருந்தபடியே தேடலாம். தகப்பனார் பெயரும் கிராமமும் பல பதிவுகளில் உண்டு. திரும்பி வந்தவராயின், பட்டாளத்தின் யுத்த தினசரிக் குறிப்புகள் உதவும். அவை லண்டனிலும் டில்லியிலும் உள்ள தேசிய ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. சாதாரணச் சிப்பாயின் பெயர் அவற்றில் அபூர்வமாகவே வரும். ஆயினும் இன்ன தேதியில் அவருடைய படை எந்த ஆற்றங்கரையில் இருந்தது என்பதை அறியலாம். சென்னைச் சாப்பர் படையின் வாரிசான படைப் பிரிவு இன்றும் பெங்களூரில் இருக்கிறது. அதற்கும் எழுதிக் கேட்கலாம்.

லாகூர் மியூஸியத்தில் கிடந்த பழைய பதிவேடுகளிலிருந்து சுமார் 3,20,000 பஞ்சாபிச் சிப்பாய்களின் விவரங்கள் 2021 முதல் வெளிவரத் தொடங்கின. ஏறக்குறைய 26,000 பக்கங்கள் ஊர் ஊராக எழுதப்பட்டிருந்ததனால் அது கைகூடிற்று. நமது ஜில்லாக்களுக்கு அப்படி ஒரு புத்தகம் வேண்டுமாயின், அதை நாமே வீடு வீடாக எழுதவேண்டும். உங்கள் ஊர்ச் சலவைக்கல்லில் எத்தனை பேர் என்று பொறித்திருக்கிறதோ, அத்தனை பெயர்களையும் முதியோரைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய முதியோர் வருஷந்தோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.