குப்பைக்கும் காய்ச்சல் அடிக்கும்!

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர், "102 டிகிரி இருக்கிறது" என்பார். அது பாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் சொன்னால் ஏறக்குறைய 39 டிகிரி. அதற்கே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். ஆனால் 60, 65 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடித்தாலும் 'ஜம்'மென்று இருக்கிற ஒன்று நம் தோட்டங்களில் உண்டு. அதுதான் எருக்குவியல்!

"வெயிலில் கிடந்தால் குப்பை சுடத்தானே செய்யும்?" என்று கேட்பீர்கள். வெயிலால் சுடுகிறது என்றால் மேற்பகுதிதானே அதிகமாகச் சுட வேண்டும்? நன்றாக அடுக்கிய குவியலில் நடுப்பகுதிதான் கொதிக்கும். மார்கழி மாத விடியற்காலையில் கிளறிப் பாருங்கள், இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல ஆவி பறக்கும். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. பின்னே யார் அதைச் சூடாக்கியது?

சொல்கிறேன். அதற்கு முன் நம் கம்பம் பள்ளத்தாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரால்தான். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று போகும்போது நெல்லோடு வாழை, தென்னை, திராட்சை எல்லாம் கண்ணில் படும். விளைச்சல் அதிகம் என்றால் மிச்சமாகும் குப்பையும் அதிகம்தானே!

வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். வாழை 'மரம்' என்கிறோம், உண்மையில் அது மரமே இல்லை. இலைகளின் அடிப்பட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு தூண்போல நிற்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான்! ஒரு வாழை ஒரே ஒரு தார்தான் போடும். தாரை வெட்டியதும் தாய் வாழையின் வேலை முடிந்தது. பக்கக்கன்று அடுத்த தாருக்குத் தயாராகும். வெட்டிய வாழையை என்ன செய்வது? நார் எடுக்கிறவர்கள் கொஞ்சம் எடுப்பார்கள், உள்தண்டு சமையலுக்குப் போகும். மீதி வரப்பிலும் வாய்க்காலிலும் கிடந்து அழுகும். காய்ந்த சருகுக்குச் சிலர் தீ வைத்துவிடுவார்கள்.

அதில் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? வாழை நிலத்திலிருந்து அதிகமாக உறிஞ்சும் சத்து சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ். அதில் ஒரு பகுதிதான் தாரோடு லாரி ஏறிப் போகிறது. மீதி மட்டையிலும் இலையிலும் நம் தோட்டத்திலேயே நிற்கிறது. நம் நாட்டில் பொட்டாஷ் தோண்டி எடுக்கும் சுரங்கம் இல்லை. கனடா, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவதைத்தான் மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோம். பெரிய கடல்களைத் தாண்டி வந்த சத்தை வாய்க்காலில் மிதக்க விடலாமா? தீ வைத்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பலில் பொட்டாஷ் தங்கும் என்றாலும், ஒரு காற்றோ ஒரு மழையோ போதும், அதுவும் போய்விடும்.

சரி, வாழை மட்டையையும் வைக்கோலையும் மறுபடி மண்ணுக்கு உணவாக்குவது யார்? குவியலைச் சூடாக்கியவர்கள்தான். அவர்கள் பெயர் பாக்டீரியா. ஒரு மில்லிமீட்டர் கோட்டில் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியவர்கள்.

இவர்களுக்கு வாய் கிடையாது, பல் கிடையாது, வயிறும் கிடையாது. எப்படித்தான் சாப்பிடுகிறார்கள்? நாம் சாப்பிட்ட பிறகு உணவு செரிக்கிறது. அவர்கள் முதலில் செரித்துவிட்டுப் பிறகு சாப்பிடுகிறார்கள்! நொதி என்ற பொருளை வைக்கோலின் மேல் கசியவிடுவார்கள். வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸ் என்பது சர்க்கரை மணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. உங்கள் நோட்டுப் புத்தகத் தாளும், தாத்தாவின் பருத்தி வேட்டியும்கூட அந்த மாலைதான். நொதி அதை அறுக்கும், மணிகள் உதிரும், பாக்டீரியா உறிஞ்சிக்கொள்ளும்.

செல்லுலோஸை அறுக்கும் நொதி நம் உடம்பில் இல்லை. மாட்டின் உடம்பிலும் இல்லை! "மாடு வைக்கோல் தின்கிறதே?" என்றால், அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செரித்துக் கொடுக்கின்றன. சாணத்திலும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வெளியே வருகின்றன. நம் மாவட்டத்து மலைமாடுகளை அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலுக்காக வளர்க்கும் மாடுகள் அல்ல அவை. சாணத்துக்காகவே வயலில் அடைக்கிறார்கள். கிடை போட்டவர்கள் மைக்ராஸ்கோப் பார்த்ததில்லை, ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள்!

இப்போது சூட்டுக்கு வருவோம். சர்க்கரையை உடைக்கும்போது சக்தி வெளிப்படும். அதில் ஒரு பகுதியைப் பாக்டீரியா தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும், மீதி வெப்பமாக வெளியேறும். உங்கள் உடம்பு கதகதப்பாக இருப்பதும் இதே கணக்கில்தான். ஒரு பாக்டீரியாவின் வெப்பம் நமக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அது ஒன்றாகவா இருக்கிறது? வேகமாக வளரும் சில வகைகள், வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். உணவும் இடமும் குறையாமல் இருந்தால் பத்து மணி நேரத்தில் எத்தனை? பேப்பரும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 107 கோடியைத் தாண்டும்! இத்தனை பேரின் வெப்பத்தையும் வைக்கோல் கம்பளிபோலப் போர்த்திக் காப்பதால், இரண்டு மூன்று நாளில் குவியல் கொதிக்கத் தொடங்குகிறது.

வேலையைத் தொடங்கியவர்களே கடைசி வரை இருப்பதில்லை. 45 டிகிரியைத் தாண்டினால் முதல் குழுவுக்குத் தாங்காது. அவர்கள் ஒதுங்க, சூட்டை விரும்பும் பேசில்லஸ் வகைகள் போன்றவை வந்து ஓட்டத்தைத் தொடரும். ரிலே ரேஸ் மாதிரி! வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் என்ற பாக்டீரியா, கொதிக்கும் கம்போஸ்ட் குவியலிலும் வாழ்வதை சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் 1996-ல் வெளியிட்டார்கள். 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றால் களை விதைகளும் பல நோய்க்கிருமிகளும் வெந்துவிடும். 70 டிகிரியைத் தாண்டவிட்டால் நமக்கு வேலை செய்பவர்களே மடிவார்கள். புரட்டிப் போடுவது அதற்காகவும்தான்.

காய்ச்சல் தணிந்த பிறகு, குவியலுக்குள் சாம்பல் தூவியதுபோல வெள்ளைப் படலம் தெரியும். பூசணம் என்று நினைக்காதீர்கள், அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியாக் கூட்டம். கோடை மழையின் முதல் தூறலில் எழுகிற மண்வாசனைக்கு முக்கியக் காரணம் இவர்கள் உண்டாக்கும் ஜியாஸ்மின் என்ற பொருள். இந்தக் குலத்தில் ஒருவரிடமிருந்துதான் காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது! 1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர் அதைப் பிரித்தெடுத்தார். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாணவருக்கும் பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்பது இந்த வாத்தியாரின் கருத்து!

தென்னை நார்க்கழிவு மட்டும் பாக்டீரியாவுக்கு எளிதில் மசியாது. அதில் லிக்னின் என்ற கெட்டியான பொருள் அதிகம். அதை உடைப்பதில் காளான்கள் கெட்டிக்காரர்கள். அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், நார்க்கழிவை மக்க வைக்கச் சிப்பிக்காளான் வித்தைச் சேர்க்கச் சொல்கிறது.

குப்பையை அடுக்கி, புரட்டி, மக்க வைக்கும் ஒரு முறைக்கு 'இந்தூர் முறை' என்று பெயர். மத்தியப் பிரதேசத்து இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் அதை உருவாக்கினார். அவரோடு சேர்ந்து 1931-ல் புத்தகமாக எழுதியவர் யஷ்வந்த் வாட் என்ற நம் நாட்டவர். நம் விவசாயிகளும் பயிர்ப் பூச்சிகளும்தான் தனக்குப் பேராசிரியர்கள் என்று ஹோவர்ட் சொல்லியிருக்கிறார்.

பாக்டீரியாவுக்குப் பந்தி வைப்பதில் ஒரு பக்குவம் உண்டு. வெறும் சோறு இறங்காது, வெறும் பருப்பையும் தின்ன முடியாது. கார்பன் அவர்களுக்குச் சோறு, தழைச்சத்து பருப்பு. 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் பந்தி களைகட்டும். நெல் வைக்கோலில் ஒரு பங்குக்கு 60-க்கும் மேல் கார்பன் இருக்கிறது. அதனால் வைக்கோல் மட்டும் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாழை மட்டையை மட்டும் குவித்தாலோ தண்ணீர் கசிந்து, காற்றுப் புகாமல் நாறும். இரண்டையும் சேர்த்துச் சாணம் கலந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று சரி செய்யும்.

பள்ளித் தோட்டத்தில் செய்து பார்க்க ஆசையா? பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாழை மட்டையை விரல் நீளத் துண்டுகளாக அவரை நறுக்கித் தரச் சொல்லி, இரண்டு நாள் வெயிலில் வாட விடுங்கள். மர நிழலில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வைக்கோல் அல்லது சருகு, மேலே வாழைத் துண்டு, அதன் மேல் சாணிக் கரைசல், ஒரு கை மண் என்று உங்கள் மார்பு உயரம் வரை மாற்றி மாற்றி அடுக்குங்கள். குவியல் சிறியதாக இருந்தால் சூடு தங்காது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. மழையில் பொட்டாஷ் கரைந்து ஓடிவிடாமல் தென்னங்கீற்றால் மூடுங்கள். வாடல் நோய் கண்ட வாழையை மட்டும் சேர்க்கவே கூடாது. அந்த நோய்க் காளான் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும்.

நான்காம் நாள், கடப்பாரையை நடுவில் சொருகிப் பத்து நிமிடம் கழித்துப் பெரியவரை உருவச் சொல்லுங்கள். சூட்டை அவர் சொல்லட்டும், அவசரப்பட்டு நீங்கள் முனையைப் பிடிக்க வேண்டாம்! சூடே இல்லையென்றால் சாணமும் தண்ணீரும் போதவில்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் வைக்கோல் சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை, புரட்டிப் போடுங்கள். இரண்டு வாரத்தில் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, இரண்டு மாதத்தில் ஒன்று என்று மூன்று முறை புரட்டினால் போதும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள். மண்புழுவை இப்போதே விட்டுவிடாதீர்கள், பாவம், வெந்துபோகும்! சூடு ஆறிய பிறகு விடலாம்.

மூன்று மாதம் கழித்து எது வைக்கோல், எது வாழை என்று தெரியாமல் கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். அப்போதும் அவசரப்பட வேண்டாம். அதைப் பாதிக்குப் பாதி மண்ணோடு கலந்து ஒரு தொட்டியிலும், வெறும் மண்ணை இன்னொரு தொட்டியிலும் போட்டுப் பத்துப் பத்துத் தட்டைப்பயறு விதையுங்கள். எருத் தொட்டியில் முளைகள் குறைவாக வந்தாலோ, மஞ்சளாக நின்றாலோ உள்ளே பந்தி இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கீற்றை மூடிவிட்டு இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.