ஐயாயிரம் வருஷத்துக் கொலை கேஸ்!

இந்தக் கொலை கேஸில் எஃப்.ஐ.ஆர். கிடையாது. சாட்சி கிடையாது. கொன்றவன் யார் என்று தெரியாது. செத்தவர் பெயரும் தெரியாது. சம்பவம் நடந்து சுமார் 5,300 வருஷம் ஆகிறது. ஆனாலும் செத்தவர் கடைசியாக என்ன சாப்பிட்டார், எங்கே இறங்கி எங்கே ஏறினார், எந்தக் கையில் காயம் பட்டிருந்தது என்பதெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். போன வியாழக்கிழமை மத்தியானம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம். முழிக்கிறீர்கள் அல்லவா?

1991 செப்டம்பர் 19. ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்த ஒரு தம்பதி, ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். 3,210 மீட்டர் உயரம். வழக்கமான பாதையை விட்டு விலகி இறங்கும்போது, உருகிய பனிக்கு நடுவே பழுப்பாக என்னவோ தெரிந்தது. யாரோ வீசிவிட்டுப் போன பொம்மை என்று முதலில் நினைத்தார்களாம். கிட்டே போய்ப் பார்த்தால் மனுஷன்! குப்புறக் கிடக்கிறார். மேல் உடம்பு வெளியே, மிச்சம் பனிக்கட்டிக்குள்ளே.

மலையேறப் போய் மாட்டிக்கொண்ட யாரோ என்று போலீஸ் நினைத்தது. 1941-ல் அந்தப் பக்கம் காணாமல் போன ஓர் இத்தாலிய இசைப் பேராசிரியராக இருக்கலாம் என்றுகூடப் பேச்சு. அதனால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ரோட்டில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டுகிற மாதிரி, காற்றழுத்த டிரில்லைக் கொண்டுவந்து பனியைக் குடைந்தார்கள். அது இடது இடுப்பைப் பதம் பார்த்தது. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஒரு நீளக் கம்பை இழுத்தார்கள். முறிந்தது. அது அவருடைய வில் என்று அப்புறம்தான் தெரிந்தது.

உடம்பு இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குப் போனது. கூடக் கிடைத்த கோடரியைப் பார்த்ததும் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் கொன்ராட் ஷ்பிண்ட்லருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குறைந்தது நாலாயிரம் வருஷம் என்றார். அதுவே அடக்கமான கணக்கு. ரேடியோ கார்பன் சோதனை செய்தால், கி.மு. 3300-ஐ ஒட்டி வந்து நின்றது. எகிப்தில் முதல் பிரமிடுக்குக் கல் வைப்பதற்கு ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தவர்!

அதுவரை 'யார் பெற்ற பிள்ளையோ' என்றிருந்த ஆசாமிக்கு உடனே இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடின. எல்லையை அளந்து பார்த்தார்கள். இத்தாலிக்கு உள்ளே 92.56 மீட்டர். அந்தத் தொண்ணூற்றிச் சொச்சம் மீட்டர் புண்ணியத்தில் 1998-ல் இத்தாலியின் போல்சானோ மியூசியத்துக்குக் குடிபோனார். (அவர் காலத்தில் இத்தாலியும் இல்லை, ஆஸ்திரியாவும் இல்லை. அதை யார் கேட்டார்கள்?) கண்டுபிடித்த தம்பதிக்குத் தர வேண்டிய சன்மானம் கோர்ட் கோர்ட்டாக இழுபட்டது. 2010-ல் 1,75,000 யூரோ வந்தது. கணவர் 2004-லேயே காலமாகிவிட்டார். அரியர்ஸ் பணம் எந்த ஊரிலும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

ஓட்ஸ் பள்ளத்தாக்கை ஒட்டிக் கிடைத்ததால் 'ஓட்ஸி' என்று ஒரு பத்திரிகையாளர் பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

சரி, ஆசாமி எப்படி? உயரம் 160 சென்டிமீட்டர், எடை சுமார் 50 கிலோ. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். மெடிக்கல் ரிப்போர்ட்தான் பயங்கரம். பல்லில் சொத்தை. குடலில் சாட்டைப் புழு. வயிற்றில் அல்சர் கிருமி. பித்தப்பையில் கல். பால் குடித்தால் செரிக்காது. எல்லாவற்றையும்விட ஆச்சரியம், ரத்தக்குழாயில் கொழுப்பு கெட்டியாகப் படிந்திருந்தது. அவர் பரோட்டா சாப்பிட்டதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்ததில்லை, வாழ்நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியவர். பரம்பரை வாகு என்கிறார்கள். தினம் காலையில் பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு எல்லோருக்கும் அட்வைஸ் செய்கிற நண்பரிடம் இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

2023-ல் அவருடைய மரபணுவை மறுபடி துல்லியமாகப் படித்தார்கள். தோல் நாம் நினைத்ததைவிடக் கறுப்பு. தலையில் வழுக்கை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். மியூசியத்தில் வைத்திருக்கும் சிலையில் நீளமாகத் தலைமுடி, வெளுத்த தோல்! முன்னோர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து விதையும் ஆடும் மாடுமாகக் கிளம்பி வந்த முதல் விவசாயிகள். 'ஐரோப்பாவின் ஆதிகுடி' என்று மார்தட்டலாம் என்றிருந்தவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

உடம்பில் 61 பச்சைக் குத்துகள். சிங்கம், தேள், காதலி பெயர் என்று நினைக்காதீர்கள். வெறும் கோடுகள், இரண்டு மூன்று சிலுவைக் குறிகள். கரியில் செய்தது. இருக்கிற இடத்தைக் கவனியுங்கள்: கீழ் முதுகு, முட்டி, கணுக்கால், மணிக்கட்டு. எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்து தெரிகிற இடங்களும் பெரும்பாலும் அவைதான். அதாவது, வலிக்கு வைத்தியம் என்பது பலருடைய ஊகம். சில கோடுகள் முதுகில், துணிக்கு உள்ளே இருப்பவை. ஊருக்குக் காட்டிக்கொள்ளக் குத்தியதாகத் தெரியவில்லை. முதுகில் அவரே குத்திக்கொண்டிருக்க முடியாது. யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இங்கேயா, கொஞ்சம் கீழேயா?' என்று கேட்டுக் கேட்டுச் செய்திருக்க வேண்டும்.

உடுப்பு விஷயத்தில் ஆள் விவரமானவர். கரடித் தோல் தொப்பி. செம்மறியும் வெள்ளாடும் கலந்து தைத்த கோட்டு. ஆட்டுத்தோல் கால் சராய். ஷூவுக்குள்ளே குளிர் ஏறாமல் காய்ந்த புல் திணித்திருந்தது. செக் நாட்டுப் பேராசிரியர் ஒருவர் அதே மாதிரி ஷூ செய்து மலையில் போட்டு நடந்து பார்த்து, பிரமாதம் என்று சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறார்.

நெருப்பு கொண்டுபோக பிர்ச் மரப்பட்டையில் செய்த டப்பா. அதில் மேப்பிள் இலையில் பொதிந்த கரித்துண்டு. தோல் வாரில் கோத்த இரண்டு காளான் துண்டுகள், மருந்தாக இருக்கலாம். சிக்கிமுக்கிக் கல் கத்தி. அப்புறம் அந்தக் கோடரி: 99.7 சதவீதம் சுத்தச் செம்பு. செம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? சில நூறு கிலோமீட்டர் தெற்கே, டஸ்கனியிலிருந்து. அந்தக் காலத்தில் செம்புக் கோடரி எல்லார் கையிலும் இருக்காது. இன்றைக்கு ஒருத்தர் ஆபீஸ் வாசலில் பென்ஸ் காரில் வந்து இறங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எப்படிச் செத்தார்? முதல் பத்து வருஷம் இதற்கு ஒரு கதை சொன்னார்கள். ஊரில் ஏதோ தகராறு, தப்பி மலைக்கு ஓடி வந்தார், களைத்துப் படுத்தார், குளிரில் உயிர் போய்விட்டது. புஸ்தகங்களில் அப்படியே ஏறிவிட்டது. படம் எடுக்காமலும் இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இன்ஸ்ப்ரூக்கிலேயே எடுத்தாயிற்று.

2001-ல் போல்சானோவில் மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த ரேடியாலஜி டாக்டர் பவுல் கோஸ்ட்னர் இடது தோள்பட்டைக்குள் ஒரு சின்னப் பொருளைக் கவனித்தார். இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். கல்லில் செய்த அம்பு முனை! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பத்து வருஷமாக அது அங்கேயேதான் இருந்தது. பழைய படங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றிலும் இருந்தது!

முதுகுப் பக்கமாக நுழைந்த அம்பு, தோளுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைக் கிழித்திருந்தது. நிமிஷக் கணக்கில் உயிர் போயிருக்கும். தலையிலும் பலத்த அடி. விழுந்ததா, அடித்ததா என்று சொல்ல முடியாது. அம்பின் தண்டை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். முனை மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் எல்லாப் பொருளையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்கள். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எலும்பு வரை ஆழமான வெட்டு. ஆற ஆரம்பித்த காயம். அதாவது சாவதற்குச் சில நாள் முன்னால் பட்டது. வருகிற கத்தியைக் கையால் தடுத்தால் அந்த இடத்தில்தான் வெட்டு விழும். அவர் வலது கைக்காரர் வேறு.

கடைசி ஒன்றரை நாளைச் சொன்னது அவர் குடல். சாப்பாட்டோடும் தண்ணீரோடும் மகரந்தத் தூள் உள்ளே போகும். எந்த மரத்து மகரந்தம் குடலில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், எப்போது எங்கே இருந்தார் என்று கணக்குப் போடலாம். கிட்டத்தட்ட பஸ் டிக்கெட் மாதிரி. சாவுக்கு 33 மணி நேரம் முன்பு உயரத்தில், ஊசியிலை மரங்கள் முடிகிற இடத்தில். அப்புறம் கிடுகிடுவென்று கீழே பள்ளத்தாக்கு. அங்கே 'ஹாப் ஹார்ன்பீம்' என்றொரு மரம் பூத்திருந்தது. அதனால் காலம் வசந்தம் அல்லது கோடை ஆரம்பம். மறுபடி மேலே, 3,210 மீட்டருக்கு! முட்டி தேய்ந்த, கையில் காயம்பட்ட நாற்பத்தைந்து வயதுக்காரர் இப்படி ஏறி இறங்கி ஏறுகிறார் என்றால் சும்மா காற்று வாங்கவா போயிருப்பார்?

வயிறு எங்கே இருக்கிறது என்பதே 2009 வாக்கில்தான் தெரிந்தது. உடம்பு காய்ந்து சுருங்கியதில் அது விலா எலும்புப் பக்கம் மேலே ஏறியிருந்தது. கண்டுபிடித்தபோது நிறைந்திருந்தது. ஐபெக்ஸ் என்ற மலையாட்டின் கறியும் கொழுப்பும், மான் கறி, ஐன்கார்ன் கோதுமை. கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆள் காலி.

2014-ல் மியூசியம் ஒரு வேலை செய்தது. முனிச் நகரத்துக் கொலை கேஸ் துப்பறியும் அதிகாரி அலெக்ஸாண்டர் ஹார்னைக் கூப்பிட்டு, இதையும் ஒரு கேஸாகப் பாருங்கள் என்றது. அவருக்குக் கண்ணில் பட்டது இந்தச் சாப்பாடுதான். துரத்துகிறவனுக்குப் பயந்து ஓடுகிறவன் உட்கார்ந்து இப்படி நிதானமாகச் சாப்பிட மாட்டான். ஆக, ஓட்ஸி அந்த நிமிஷம் பயப்படவில்லை. ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்திருக்கலாம். சுமார் 30 மீட்டர் தள்ளி, பின்னாலிருந்து அம்பு வந்திருக்கிறது. விட்டவன் யார் என்று திரும்பிப் பார்த்தாரோ என்னவோ.

கொள்ளையா? அதுவும் இல்லை. அந்த விலை மதிக்க முடியாத கோடரி பக்கத்திலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனால் 'இது அவருடையது ஆச்சே!' என்று மாட்டிக்கொள்வோம் என்று கொலைகாரன் பயந்திருக்கலாம் என்கிறார் ஹார்ன். தெரிந்தவன் வேலை, சொந்தப் பகை.

டீக்கடையில் இதை எங்கள் செக்‌ஷன் பெரியவரிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்:

"இதுக்கு ஜெர்மனியிலேர்ந்து போலீஸ் வரணுமா தம்பி? பங்காளித் தகராறு!"

"எப்படி சார் சொல்றீங்க?"

"முன்னாடி நாலு நாள் கத்திச் சண்டை. அப்புறம் சமாதானம் ஆன மாதிரி நடிப்பு. சோறு தின்னவிட்டு முதுகுல அடி. பங்காளியைத் தவிர வேற எவன்யா செய்வான்?"

முனிச் அதிகாரிக்கும் நம் பெரியவருக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. ஒருவருக்கு மியூசியம் அழைப்பு அனுப்பியது, அவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கேஸில் மனசு போய் நிற்கிற இடம் வேறு. அம்பறாத்தூணியில் 14 அம்பு இருந்தது. அதில் 12 வெறும் குச்சி. முனையும் இல்லை, இறகும் இல்லை. முடித்தது இரண்டே இரண்டு. அந்த இரண்டும் உடைந்திருந்தன. கத்தியையும் மற்றக் கல் கருவிகளையும் திரும்பத் திரும்பத் தீட்டித் தேய்த்திருந்தார். புதிதாகச் செய்யக் கையில் நல்ல கல் இல்லை. பழைய வில் என்ன ஆனதோ, புதிது ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். யூ மரம். 1.82 மீட்டர், அவரைவிட உயரம். எவனோ தன்னைத் தேடுகிறான் என்று தெரிந்த மனிதர், வெட்டுப்பட்ட வலது கையை வைத்துக்கொண்டு எவ்வளவு வேகமாகச் செதுக்க முடியும்?

முறிந்துபோன அந்த வில்லின் மிச்சத் துண்டை 1992-ல் மறுபடி போய்த் தேடி எடுத்துவந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள். போல்சானோவில் மைனஸ் 6 டிகிரி குளிர் அறையில் ஓட்ஸி படுத்திருக்கிறார். காய்ந்துவிடாமல் இருக்க அவ்வப்போது சுத்தமான தண்ணீரைத் தெளிக்கிறார்கள். சின்ன ஜன்னல் வழியே ஜனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவருடைய வில்லும் அதே மியூசியத்தில்தான் இருக்கிறது. கோடரியால் செதுக்கிய தழும்புகள் அதில் இன்னும் அப்படியே தெரிகின்றன. இழைத்து வழவழப்பாக்கி நாண் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.