கைத்தொழிலுக்கும் தேர்வு உண்டு

முடி வெட்டுவது ஒரு தொழில். புருவம் திருத்துவதும் தொழில்தான். இதைப் பலர் அப்பாவிடம் கற்றிருப்பார்கள். சிலர் அக்காவிடம் பார்த்துப் பழகியிருப்பார்கள். கையில் வேலை இருக்கிறது. ஆனால் காட்டுவதற்குத் தாள் இல்லை. பெரிய பார்லரில் வேலை கேட்டால், "சான்றிதழ் இருக்கிறதா?" என்கிறார்கள்.

நம் நாட்டில் தேர்வு எழுதினால்தான் முடி வெட்டலாம் என்று சட்டம் இல்லை. பல ஊர்களில் கடை வைக்க நகராட்சி உரிமம் வேண்டும். அது கடைக்கு. சான்றிதழ் உங்கள் கைத்திறனுக்கு. இரண்டும் வேறு வேறு.

சான்றிதழ் பெற இரண்டு வழிகள்

ஒன்று, ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையம். அங்கே அழகுக்கலைப் படிப்பு ஒரு வருடம். பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம். முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு நடக்கும். தேறினால் தேசியத் தொழில் சான்றிதழ் கிடைக்கும்.

மற்றொன்று, ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு. உங்களுக்குத் தெரிந்ததைச் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள். 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இந்த முறை சேர்க்கப்பட்டது. இப்போது எங்கே நடக்கிறது என்று பக்கத்து ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். எந்த மொழியில் கேள்வி கேட்பார்கள் என்றும் கேளுங்கள்.

தேர்வில் என்ன பார்ப்பார்கள்?

வேலை அழகாக இருந்தால் மட்டும் போதாது. சுத்தத்தையும் பார்ப்பார்கள். கை கழுவினீர்களா? சீப்பையும் கத்தரிக்கோலையும் சுத்தம் செய்தீர்களா? ஆளுக்கு ஒரு புது பிளேடு போட்டீர்களா?

ஏன் இந்தக் கேள்விகள்? சவரம் செய்யும்போது சிறு கீறல் விழலாம். பிளேடில் ரத்தம் ஒட்டும். அது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். அதே பிளேடு அடுத்தவர் மேல் பட்டால், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி பரவலாம். எச்.ஐ.வி.யும் பரவக்கூடும். ஒரு பிளேடின் விலை சில ரூபாய்தான். நோயின் விலை ஓர் உயிர்.

முடிச்சாயமும் அப்படித்தான். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. முகம் வீங்கும். மூச்சும் திணறலாம். அதனால் இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ வந்தால் சாயம் போடக் கூடாது.

ஏமாறாதீர்கள்

"தேர்வே வேண்டாம், பணம் கொடுங்கள், சான்றிதழ் தருகிறோம்" என்று சிலர் வருவார்கள். நம்பாதீர்கள். சோதிக்காமல் தரும் தாள் வெறும் தாள்தான். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழ் தருவது யார்? அரசு அதை ஏற்குமா? ரசீது கிடைக்குமா? பதிலை எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் முழுவதும் படியுங்கள்.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். அந்தப் படிப்பு உங்கள் பணத்தைக் காக்கும். சுத்தமான கை வாடிக்கையாளரின் உயிரைக் காக்கும்.