இணைய வழிக் கடையும் நமது கணக்கும்

கூட்டுறவுச் சங்கங்களின் மகாசபைக் கூட்டங்களில் சில ஆண்டுகளாக ஒரு தீர்மானம் அடிக்கடி தலைகாட்டி வருகிறது. சங்கத்தின் சரக்குகளை இணைய வழியாக விற்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே அது. கொண்டு வருபவர் பெரும்பாலும் இளம் அங்கத்தினராக இருப்பார். பண்டகசாலையில் சேலைகள் தேங்கிக் கிடக்க, டில்லியிலும் மும்பையிலும் நல்ல கைத்தறிச் சேலைக்கு மக்கள் ஏங்கி நிற்கிறார்கள் என்றும், இடையில் இருக்கும் வியாபாரியை நீக்கிவிட்டால் அவன் அடையும் இலாபம் முழுவதும் நெசவாளிக்கே வந்து சேரும் என்றும் அவர் பேசுவார். கரகோஷம் எழும். முதிய அங்கத்தினர்கள் மட்டும் வாய் திறவாமல் அமர்ந்திருப்பார்கள். கடைசியில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டுத் தீர்மானம் நிறைவேறும்.

அத்தீர்மானம் தவறு என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இணைய வழி வியாபாரம் நிலைத்துவிட்ட ஒன்று. அதை விட்டு நாம் ஒதுங்கி நிற்பதும் சாத்தியமன்று. ஆனால் ஒதுக்கப்படும் தொகை எவருடைய பணம் என்பதை மறந்துவிடலாகாது. அது அங்கத்தினர்களின் பங்குத் தொகை; அல்லது சேமநிதி; சில இடங்களில், அடுத்த வாரம் நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் வைத்திருந்த ரொக்கம். எனவே முதலாண்டில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதைப் பென்சிலும் தாளும் கொண்டு முன்கூட்டியே தெளிந்துகொள்வது நிர்வாகக் குழுவின் கடமையாகும்.

கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கத்தை இங்கு நினைவு கூர்வது பொருந்தும். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் சேர்ந்து 28 பவுன் மூலதனத்துடன் 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு கடை திறந்தனர். அவர்களில் பலர் நெசவாளர்களே. கடையில் இருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள், அவ்வளவுதான். முதலில் வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே கடை திறந்திருந்தது. தெருவில் நின்று சிரித்தவர்களும் உண்டு. 1845ஆம் ஆண்டு முடிவில் அங்கத்தினர் 74 பேர். அவ்வாண்டின் விற்பனை 710 பவுன். இலாபம் 22 பவுன். உலக இயக்கம் ஒன்றுக்கு வித்திட்ட கடையின் முதலாண்டு இலாபம் இவ்வளவே. இதே காலத்தில் அவர்களிடம் ஒருவர் வந்து, முப்பதே நாளில் இலட்சம் ஈட்டும் வழியைக் கட்டணம் பெற்றுக்கொண்டு கற்பிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று சிந்திக்கலாம். இன்று கைப்பேசியைத் திறந்தால் அத்தகைய ஆசிரியர்கள் பலர் தென்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வருமானம் சேலை விற்பதால் வருவதன்று, கற்பிப்பதால் வருவது.

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே காணும் தொகைகள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொரு சங்கமும் தன் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்க. ஒரு பருத்திச் சேலைக்கு நூல், சாயம், கூலி, சங்கத்தின் இதரச் செலவு யாவும் சேர்த்து அடக்கவிலை ரூ.1,250 என்போம். நம் விற்பனை நிலையத்தில் வரி நீங்கலாக ரூ.1,500க்கு விற்கிறோம், ரூ.250 நிற்கிறது. இதே சேலையை இதே விலைக்கு ஒரு பெரிய இணையச் சந்தையில் வைக்கிறோம். சந்தைக்காரரின் கட்டணம் நூற்றுக்குப் பத்து எனில் ரூ.150. பார்சல் கூலி ரூ.90. பெட்டி, உறை, சீட்டு ஆகியவற்றுக்கு ரூ.25. ஆக ரூ.265 செலவாகிறது. ரூ.250 இலாபம் இருந்த இடத்தில் ரூ.15 நட்டம் வந்து அமர்கிறது. பத்துச் சேலை அனுப்பினால் ஒன்று திரும்பி வருவதாக வைத்துக்கொண்டால் அதன் இருவழிக் கூலி ரூ.180. விற்ற ஒன்பதின் தலையில் அதை ஏற்றினால் சேலைக்கு ரூ.20. நட்டம் ரூ.35 ஆகிறது. இடைத்தரகன் நீங்கவில்லை; வேறு வேடம் பூண்டு வந்திருக்கிறான் என்பதே உண்மை.

சேலைக்கு ரூ.100 ஆவது நிற்க வேண்டுமானால் விலை ரூ.1,650 ஆக வேண்டும். சரி, அவ்வாறே விற்றுவிட்டோம் என்று கொள்வோம். இவ்வேலைக்கென்று மாதம் ரூ.12,000 சம்பளத்தில் ஒருவரை நியமித்தால், அச்சம்பளத்திற்கு ஈடு செய்ய மட்டும் மாதம் 120 சேலைகள் விற்றாக வேண்டும். ஒரு தறியில் மாதம் பத்துச் சேலை இறங்குமாயின் அது பன்னிரண்டு தறிகளின் முழு உற்பத்தி. முதல் மாதத்தில் பத்துச் சேலை விற்றாலே மகிழ வேண்டிய நிலையில் உள்ள கடைக்குத் தனிச் சிப்பந்தி எதற்கு? இருக்கும் விற்பனையாளரே பிற்பகலில் இரண்டு மணி நேரம் இதைக் கவனித்தால் போதும். வலைத்தளத்தை அழகுபடுத்தப் பெருந்தொகை செலவிடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பார்ப்பவர் நூறு பேரில் ஒருவரோ இருவரோ வாங்கினால் நல்ல வியாபாரம் என்பது இத்தொழிலில் பழகியவர்களின் கணக்கு. ஆகவே மாதம் நூறு பேர் பார்க்கும் கடைக்குத் தோரணம் கட்டிப் பயனில்லை.

கைத்தறிக்கென்றே உள்ள சில சங்கடங்களையும் எண்ண வேண்டும். ஒரு சேலையின் படம் பலருக்குப் பிடித்துவிட்டது. இருபது பேர் அதே சேலையை, அதே நிறத்தில், பத்து நாளில் கேட்கிறார்கள். நம்மிடம் இருப்பதோ ஒன்று. மறு பாவு ஏற்றி, அதே சாயத்தை மீண்டும் போட்டாலும் முந்தைய நிறம் மயிரிழை பிசகாமல் வரும் என்று எந்தச் சாயக்காரரும் உறுதி சொல்ல மாட்டார். அதுமட்டுமன்று, அந்த ஒரே சேலை காலையில் நம் விற்பனை நிலையத்தில் ஒருவருக்கு விற்றுப்போயிருக்கும், மாலையில் இணையத்தில் மற்றொருவர் பணம் கட்டியிருப்பார். இருப்புப் புத்தகம் நாள்தோறும் எழுதப்படாத சங்கம் இணையக் கடை திறப்பது தனக்குத்தானே வழக்கு வாங்கிக்கொள்வதற்குச் சமம்.

நிறத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். பகல் வெளிச்சத்தில் அரக்கு நிறமாக இருப்பது கைப்பேசித் திரையில் சிவப்பாகத் தோன்றும். கைநெசவுக்கு இயல்பான நூல் முடிச்சும் சிறு ஏற்றத்தாழ்வும், நேரில் தொட்டுப் பார்ப்பவருக்கு அழகு. பெட்டியைப் பிரித்துப் பார்ப்பவருக்குக் குறை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மைக்கு மாறான பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. ஆகவே விளக்கப் படத்தை மெருகேற்றுவதைக் காட்டிலும் உள்ளது உள்ளபடி காட்டுவதே சிக்கனம். நீளம், அகலம், ரவிக்கைத் துண்டு உண்டா இல்லையா, முதல் சலவையில் சாயம் சிறிது போகுமா என்பனவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒளிவு மறைவின்றி எழுத வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொரு சேலையும் மடிப்புக் கலைந்து வரும் என்பதை விற்பனையாளர்கள் அறிவார்கள்.

விசைத்தறிப் போட்டியோ சொல்லத் தேவையில்லை. நம் சேலைக்கு அருகிலேயே, அதே தோற்றத்தில், மூன்றில் ஒரு பங்கு விலையில் மற்றொன்று நிற்கும். அதன் தலைப்பிலும் கைத்தறி என்றே எழுதியிருக்கும். 2006ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் கைத்தறி முத்திரையும், காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரை சுங்குடி போன்றவற்றுக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடும் நமக்கு அரணாகும். ஆனால் முத்திரையைச் சேலையில் ஒட்டினால் மட்டும் போதாது; படத்திலும் அது தெரிய வேண்டும். நெய்பவர் தறியில் அமர்ந்திருக்கும் ஒரு படம், அவர் இசைவுடன் வெளியிடப்படுமானால், பத்து விளம்பர வாசகங்களைவிட மிகுதியாகப் பேசும்.

ஜமக்காளம் நெய்வோருக்குத் தனி எச்சரிக்கை ஒன்று உண்டு. பல கூரியர் கம்பெனிகள் பார்சலின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கூலி பெறுகின்றன. 50 நீளம், 40 அகலம், 20 உயரமுள்ள பெட்டி, உள்ளே நான்கு கிலோ இருந்தாலும் எட்டுக் கிலோவாகக் கணக்கிடப்படும். இறுக மடித்துக் கட்டத் தெரிந்தவர் இங்கு நெய்பவருக்கு நிகரானவர்.

விளைவிப்போர் நிலை இன்னும் நுட்பமானது. ஈரோடு மஞ்சள் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதிலிருந்து, தூள் அரைத்துப் பொட்டலமிட்டு நாடெங்கும் அனுப்பலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நல்ல எண்ணமே. ஆயினும் ரூ.120 விலையுள்ள அரைக் கிலோப் பொட்டலத்திற்கு அனுப்பும் கூலி ரூ.60 ஆனால், வாங்குபவர் மஞ்சளுக்குத் தருவதில் பாதியளவைத் தபாலுக்கும் தர வேண்டியதாகும். இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று குடும்பத்திற்கு ஓராண்டுக்கு ஆகும் அளவில் அனுப்பினால் கூலி தாங்கும். விளைச்சலின் பெரும்பகுதிக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும், 2016 ஏப்ரல் 14 முதல் நடைபெற்று வரும் தேசிய மின்னணு வேளாண் சந்தையுமே வழி. தக்காளி, கீரை, வாழைப்பழம் ஆகியவற்றைத் தொலைவுக்கு அனுப்பும் ஆசையை விட்டுவிடுவதே மேல். அமெரிக்காவில் வெப்வேன் என்ற கம்பெனி, காய்கறியையும் மளிகையையும் வீட்டு வாசலில் சேர்ப்பதாகச் சொல்லி 1999இல் பங்கு வெளியிட்டு 37.5 கோடி டாலர் திரட்டியது. வாங்குவோர் சேருமுன்னரே பெரும் கிடங்குகளை எழுப்பிற்று. 2001 ஜூலையில் திவாலாயிற்று. காய்கறி கெட்டதனால் அன்று. கிடங்கின் வயிற்றுக்கேற்ற வாடிக்கை இல்லாததனால்.

அமேசான் வெற்றி பெறவில்லையா என்று கேட்பார்கள். 1994இல் தொடங்கப்பட்டு 1995இல் நூல் விற்கத் தலைப்பட்ட அக்கம்பெனி, முழு ஆண்டு இலாபம் கண்டது 2003இல்தான். அத்தனை ஆண்டுகள் நட்டத்தைப் பொறுக்கும் மூலதனம் அதற்கு இருந்தது. நம் நெசவாளிக்கோ சனிக்கிழமைக் கூலி தவறினால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு தவறும்.

இதனோடு சேர்ந்தது பணம் கைக்கு வரும் காலம். சரக்கு போய்ச் சேர்ந்து, திரும்பி வரும் கெடு கழிந்த பின்னரே பல சந்தைக்காரர்கள் தொகையை வரவு வைக்கிறார்கள். பொருளைக் கண்டபின் பணம் என்ற முறையில், வாசலிலேயே வேண்டாமென்று திருப்புவோரும் உண்டு. மேலும் 2024 ஜூலை 10 முதல் சரக்கு சேவை வரியில் நூற்றுக்கு அரையும், 2024 அக்டோபர் முதல் வருமான வரியில் நூற்றுக்கு 0.1 வீதமும் சந்தைக்காரர் பிடித்து வைத்துச் செலுத்தும் ஏற்பாடு உள்ளது. இவை நட்டமல்ல, கணக்குத் தாக்கல் செய்தால் ஈடுசெய்யப்படுவன. ஆயினும் அதுவரை கையில் இல்லாத பணம். மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் பதிவில் ஒரு சலுகை தரப்பட்டது. வெளிமாநில விற்பனைக்கு முன் கணக்கரைக் கலந்துகொள்வது அவசியம். மஞ்சள், சிறுதானியம் போன்ற உணவுப் பொருள் விற்போர் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு பெற வேண்டும். பொட்டலத்தின் மேல் எடை, விலை, முகவரி முதலியன அச்சிட வேண்டும்.

அங்ஙனமாயின் எப்படித் தொடங்குவது? தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குவதே தக்கது. சங்கத்தின் விற்பனை நிலையத்தில் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாங்கிச் செல்வோரின் பெயரும் கைப்பேசி எண்ணும், அவர்கள் இசைந்தால், ஒரு நோட்டில் எழுதி வருக. வேறூருக்குக் குடிபோன அவர்தம் மக்களே நமது முதல் இணைய வாடிக்கையாளர்கள். அவர்களுக்குக் கைப்பேசியில் படம் அனுப்பி, பணம் பெற்று, அஞ்சலில் சேர்ப்பதற்கு வலைத்தளமே வேண்டியதில்லை. பத்து அல்லது பன்னிரண்டு ரகங்களுக்கு மேல் முதலாண்டில் காட்ட வேண்டாம். 1935இல் தோன்றிய நமது தலைமைச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் இணைய வழியிலும் விற்று வருகிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில் நெசவாளரிடம் தரகு பெறாத தளமும் உள்ளது. சொந்தக் கடைக்குப் பணம் போடுமுன் இவ்விரண்டிலும் நம் சரக்கு எவ்வாறு போகிறது என்று பார்த்துவிடலாம்.

தீர்மானம் எழுதும்போது ஒதுக்கும் தொகையை மட்டும் எழுதாமல், அது நூல் கொள்முதல் கணக்கையோ கூலிக் கணக்கையோ தொடலாகாது என்றும் எழுதுக. ஆறு மாதம் கழித்து எந்தத் தேதியில் கணக்கு பார்ப்பது என்பதையும் அதிலேயே குறிப்பிடுக. அன்று நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டிய ஏட்டில் ஐந்து பத்திகள் இருந்தால் போதும்: அனுப்பியவை, திரும்பியவை, ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு, வரவேண்டிய பாக்கி, இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர். கடைசிப் பத்தியில் ஐந்தாறு பெயர்களாவது இருந்தால் அடுத்த ஆறு மாதத்திற்கு அதே தொகையை நீட்டிக்கலாம். அது வெறுமையாக இருந்தால், செலவை நிறுத்திவிட்டுச் சரக்கையும் விலையையும் மறுபடி பார்க்க வேண்டும்.