வீரக் கதையும் விகடப் படமும்

தாய்மொழி வழங்காத ஊரில் குடியேறி வாழ்வோர்க்கு ஓர் உண்மை அனுபவத்தில் விளங்கியிருக்கும். அவ்வூர் மொழியில் கடைக்காரரிடம் கணக்குப் பேசச் சில மாதங்களில் பழகிவிடலாம். செய்தித்தாள் படிக்கவும் கற்றுக்கொள்ளலாம். அவ்வூரார் ஒரு சொல்லைச் சற்றே திரித்துச் சொல்லி நகைக்கும்போது உடன் நகைப்பதற்கு மட்டும் ஆண்டுகள் பல ஆகும். அதே ஊர்ப் படக்கொட்டகையில், திரையில் ஒருவன் கால் இடறி விழுந்தாலோ, அடுத்த நாற்காலியில் இருப்பவரோடு நாமும் அந்நொடியிலேயே சிரித்துவிடுகிறோம். நகைச்சுவையில் எது எல்லை கடக்கும், எது கடவாது? இக்கேள்விக்கு நல்ல விடை தருவது, 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு மௌனப் படம். மாக்ஸ் லிண்டர் என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதி, இயக்கி, நடித்த அப்படம், 'மூன்று மஸ்கெட்டியர்கள்' என்ற புகழ்பெற்ற வீரக் கதையைக் கேலி செய்வது.

மூலக் கதையை முதலில் நினைவுகொள்வோம். அலெக்சாந்தர் டூமா இதனை 1844ஆம் ஆண்டில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடர்கதையாக எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில், பிரான்சின் தென்மேற்கிலுள்ள கஸ்கோனி நாட்டு இளைஞனான தார்த்தஞான், அரசரின் காவற்படையில் சேர்வதற்காகத் தலைநகர் செல்கிறான். தந்தை அவனுக்குத் தருபவை ஒரு கிழக் குதிரை, சிறிதளவு பணம், ஓர் அறிமுகக் கடிதம் ஆகியவையே. வழியில் அவன் குதிரையைக் கண்டு நகைக்கின்றனர். கடிதமும் களவு போகிறது. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் சென்ற எவரும் இவனைத் தம்மவனாகவே கொள்வர். பாரிஸில் அத்தோஸ், போர்த்தோஸ், அராமிஸ் என்ற மூன்று வீரர்கள் அவனுக்கு உயிர்த்தோழர்கள் ஆகின்றனர். அரசி தம் வைர அணிகளை இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு அளித்துவிட, கார்டினல் ரிஷலியூ அதனை வெளிப்படுத்தி அரசியை அவமானப்படுத்தச் சூழ்ச்சி செய்கிறார். அணிகளை உரிய நாளுக்குள் மீட்டுவரும் பொறுப்பு தார்த்தஞானைச் சேர்கிறது. இவ்வீரர்களைப் பற்றி டூமா பின்னர் எழுதிய தொடர்ச்சியில் வரும் இரும்பு முகமூடி வரலாறே, தமிழில் 1940லும் 1958லும் 'உத்தம புத்திரன்' என்ற பெயரில் வெளிவந்த படங்களுக்கு ஆதாரமாயிற்று.

லிண்டரும் தென்மேற்குப் பிரான்சைச் சேர்ந்தவரே. 1883ஆம் ஆண்டில் போர்தோ நகருக்கு அருகே பிறந்த அவருடைய இயற்பெயர் கப்ரியேல் லெவியேல். 1905 முதல் பாத்தே நிறுவனத்தின் குறும்படங்களில் நடித்தார். பட்டுத் தொப்பியும் கைத்தடியும் நறுக்கிய மீசையுமாக, உயர்குடிக் கனவான் தோற்றத்திலேயே சங்கடங்களில் சிக்கிக்கொள்ளும் 'மாக்ஸ்' என்ற பாத்திரத்தால் உலகப் புகழ் பெற்றார். சார்லி சாப்ளின் அவரைத் தம் ஆசானாக மதித்தார். முதல் உலகப் போரில் லிண்டரின் உடல்நலம் குலைந்தது. அதன்பின் அமெரிக்கா சென்று, 1921, 1922ஆம் ஆண்டுகளில் மூன்று நீண்ட படங்களை வெளியிட்டார். அவற்றுள் இறுதியானது இப்படம்.

கேலிப் படத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு: மூலத்தை அறிந்தவர்க்கே அது முழுமையாகச் சுவைக்கும். லிண்டருக்கு அவ்வசதி வாய்த்திருந்தது. முந்தைய ஆண்டில்தான் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் இதே நாவலைப் பெரும் பொருட்செலவில் படமாக்கி, தார்த்தஞானாகத் தாவியும் வாள் சுழற்றியும் மக்களைக் கவர்ந்திருந்தார். கதையும் தோற்றமும் ரசிகர் மனத்தில் பசுமையாக இருந்த வேளையில் லிண்டர் அதே உடையில் தோன்றினார்.

அவர் கையாண்ட வழிகள் மூன்று. முதலாவது, பெயர்த் திரிபு. அத்தோஸ், போர்த்தோஸ், அராமிஸ் என்ற கம்பீரமான பெயர்கள் வால்ரஸ், ஆக்டோபஸ், போர்ப்பஸ் என்று மாறின. மூன்றும் ஆங்கிலத்தில் கடல்வாழ் பிராணிகளின் பெயர்கள். இரண்டாவது, காலமுரண். பதினேழாம் நூற்றாண்டு வீரர்கள் தொலைபேசியில் பேசுகின்றனர். மோட்டார் சைக்கிளில் விரைகின்றனர். மூன்றாவது, உடலால் விளையும் நகைச்சுவை. எதிரிகள் வட்டமாகச் சூழ்ந்து ஒரே சமயத்தில் வாளை நீட்டும்போது நாயகன் சட்டென்று கீழே குனிந்துவிட, அவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொள்கின்றனர். வீரக் கதையின் வாட்போர் அப்படியே இருக்கிறது. வெற்றி மட்டும் வீரத்தால் வராமல் சமயோசிதத்தால் வருகிறது.

இம்மூன்றும் ஒரே தொலைவு பயணம் செய்வன அல்ல என்பது படத்தின் பெயரிலேயே தெரிகிறது. ஆங்கிலத்தில் 'த த்ரீ மஸ்ட் கெட் தேர்ஸ்' என்று பெயரிட்டனர். 'மஸ்கெட்டியர்ஸ்' போல ஒலிக்கும் இத்தொடருக்கு, 'எப்படியும் போய்ச் சேர்ந்தாக வேண்டிய மூவர்' என்று பொருள். இச்சிலேடை பிரான்சுக்குப் போகவில்லை. அங்கே 'லெத்ருவா மூஸ்கெத்தேர்' எனப் புதிய பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. பிரெஞ்சு மொழியில் 'லே த்ருவா' என்றால் 'அந்த மூவர்'; சேர்த்து 'லெத்ருவா' என்றாலோ 'ஒடுங்கிய' என்று பொருள். மூவர் மறைந்து, ஓர் ஒல்லி வீரன் எஞ்சினான். பிரெஞ்சு நாவலைப் பிரெஞ்சுக்காரரே படமாக்கியும், தாயகம் திரும்பும்போது அதன் பெயர் மாற நேர்ந்தது!

மௌனப் படத்தில் சொற்கள் தனி அட்டைகளில் இடம்பெற்றமையால் இம்மாற்றம் எளிதாயிற்று. நம் நாட்டில் 1913ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'விலும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அட்டைகள் இருந்தன. அட்டையை மாற்றலாம், வாள்முனையில் குனியும் மனிதனை மாற்றத் தேவையில்லை. அவன் எந்நாட்டிலும் அவ்வாறே குனிகிறான்; எந்நாட்டாரும் அவ்விடத்தில் சிரிக்கின்றனர். காலமுரண் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நாவலை அறியாதவரும், அரண்மனையில் தொலைபேசி இருப்பது பொருந்தாது என்று உணர்ந்து புன்னகைப்பர்.

லிண்டருக்கு அமெரிக்காவில் நிலைத்த இடம் கிடைக்கவில்லை. அவர் தாயகம் திரும்பினார்; 1925ஆம் ஆண்டில் பாரிஸில் அவரும் அவர் மனைவியும் துயரமான முறையில் உயிர் நீத்தனர். அப்போது மகள் மோட் லிண்டருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தந்தையின் முகத்தை அவர் பின்னாளில் திரையில்தான் அறிந்தார். தந்தை அமெரிக்காவில் எடுத்த மூன்று நீண்ட படங்களையும் தொகுத்து 1963ஆம் ஆண்டில் ஒரே படமாக வெளியிட்டார். 2017ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் புகழைப் பேணி வந்தார்.

அயல்மொழிச் சூழலில் வளரும் நம் குழந்தைகளுக்கு இதில் ஒரு பயன் உண்டு. படத்தைக் காண்பதற்கு முன் நாவலின் கதையை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். கிழக் குதிரையேறித் தலைநகர் சென்ற இளைஞனின் கதை அவர்கள் மனத்தில் பதியட்டும். பின்னர்த் திரையில் அவன் இடறும்போது அவர்கள் இருமுறை சிரிப்பார்கள்: விழுந்ததைக் கண்டு ஒருமுறை, விழுந்தவன் யார் என்று அறிந்து மற்றொருமுறை.