காற்றை நம்பி ஏறும் சிறு விமானங்கள்

பிள்ளை விளையாட்டிலே பொழுதை வீணாக்குகின்றான் என்று குறைகூறாத தந்தையர் எந்நாட்டிலும் இலர். "நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான், சேர்" என்று எம்மிடம் வந்து நிற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கின்றோம். ஆயின், அவ்வேண்டுகோள் சென்ற ஆவணி விடுமுறையில், ஜேர்மனியின் புல்டா நகரிலே, எமது சொந்தத் தமையனாரின் வாயிலிருந்தே வருமென நாம் எதிர்பார்க்கவில்லை.

தமையனார் 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர். உணவகமொன்றிற் பாத்திரங் கழுவித் தொடங்கி, இன்று சொந்த வீடும் தொழிலும் உடையவர். அவருடைய ஒரே மகனாகிய எமது பெறாமகனுக்கு 16 வயது. படிப்பிற் கெட்டிக்காரன். ஆயினும் வீட்டின் நிலக்கீழறை முழுவதும் அவனுடைய விமான இறக்கைகளே கிடக்கின்றன. பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு நெருங்கிவர, பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றான் என்பது தகப்பனின் கவலை.

"தம்பி, நீ படிப்பிக்கிறவன். வாற ஞாயிறு அவனுக்கு ஏதோ போட்டியாம். போய்ப் பார்த்துவிட்டு, இதை விடச்சொல்லிச் சொல்லு" என்றார். நாமும் இசைந்தோம்.

மலையுச்சியில் வளர்ந்த கலை

போட்டிக்கு முதல்நாள், பெறாமகன் எம்மை வாசர்குப்பே என்னும் மலைக்கு அழைத்துச் சென்றான். கடல்மட்டத்திலிருந்து 950 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் உச்சி, மரஞ்செறியாத வெறும் புற்றரை. 1911ஆம் ஆண்டிலேயே டார்ம்ஸ்ராட் நகரத்து மாணவர் சிலர், தாம் செய்த இயந்திரமில்லா விமானங்களை இங்கே பறக்கவிட்டனர். முதலாம் உலகப் போரின் பின்னர், தோல்வியுற்ற ஜேர்மனியின் விமானத் தொழிலுக்குக் கடுந்தடைகள் விதிக்கப்பட்டன. இயந்திர விமானத்துக்கு வழி அடைபட்ட இளைஞர்கள் கிளைடர் எனப்படும் இயந்திரமில்லா விமானத்தை நாடினர். 1920ஆம் ஆண்டு முதல் இம்மலையில் ஆண்டுதோறும் போட்டிகள் நிகழ்ந்தன. இன்று அங்குள்ள அரும்பொருட்சாலையில் மனிதர் ஏறிப் பறந்த கிளைடர்களையும் அவற்றின் சிறு மாதிரிகளையும் ஒருங்கே காணலாம்.

வெளியே சரிவின் விளிம்பில் முதியவரும் இளைஞருமாகச் சிலர், கையிலே கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் நின்றனர். மலையில் மோதிய காற்று மேல்நோக்கித் திரும்புகின்றது. அக்காற்றின்மீது அவர்களுடைய சிறு கிளைடர்கள் மணிக்கணக்காக மிதந்தன. இது சரிவுக் காற்றிற் பறத்தல். மற்றொரு வகை சமதரையில் நிகழ்வது. வெயிலாற் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் வெப்பக் காற்றைத் தேடிப் பிடித்து, அதனுள்ளே வட்டமிட்டு உயர்தல் அது. பருந்து சிறகசைக்காமல் உயரச் செல்வதும் இவ்விதமே. பெறாமகனின் போட்டி இவ்வகையைச் சார்ந்தது.

தொடங்குவோர்க்கு

"எப்படித் தொடங்கினாய்?" என்று கேட்டோம். அவன் கூறியவற்றை, ஆர்வமுள்ள இளைஞர்க்குப் பயன்படுமெனக் கருதித் தொகுத்துத் தருகின்றோம்.

முதல் விமானம் அழகியதாயிருத்தல் வேண்டாம். அடிபட்டாலும் ஒட்டக்கூடியதாயிருத்தல் வேண்டும். இலேசான நுரைப்பொருளாற் செய்த, ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வரை இறக்கை நீளமுள்ள மாதிரியே உகந்தது. இறக்கைகள் இருபுறமும் சற்று மேல்நோக்கி வளைந்திருப்பின், சாய்ந்த விமானம் தானே நிமிரும். திசைதிருப்பச் சுக்கானும், ஏற்ற இறக்கத்துக்கு வாற்றகடும் இருந்தாற் போதும். மூக்கிலே மடியும் விசிறியும் சிறு மின்மோட்டாரும் இருக்கும். அம்மோட்டார் விமானத்தை உயரத்துக்குக் கொண்டுசெல்ல மட்டுமே. அதன்பின் அதனை நிறுத்திவிடல் வேண்டும்.

புறப்படுமுன் பாரச் சமநிலையைச் சோதித்தல் தவறக்கூடாது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தூரத்தில் இரு விரல்களால் தாங்கினால், விமானம் மட்டமாக நிற்றல் வேண்டும். பின்பாரம் மிகுந்த விமானத்தை எவராலும் அடக்கவியலாது. எறியும்போது காற்றுக்கு எதிர்முகமாக, இறக்கைகளை மட்டமாக வைத்து, நேரே எறிதல் வேண்டும். வானத்தை நோக்கி எறிதல் பிழை.

தொடங்குவோர் பெரிதும் இடறுவது விமானம் தம்மை நோக்கித் திரும்பி வரும்போதே. அப்போது இடம் வலமாகவும், வலம் இடமாகவும் மாறித் தோன்றும். அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. எந்த இறக்கை தாழ்ந்திருக்கின்றதோ, அந்தப் பக்கமே பிடியைத் தள்ளினால், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுத்ததுபோல் விமானம் நிமிர்ந்துவிடும். கணினியிற் பழகும் பயிற்சி விளையாட்டுக்களும் உள. அவற்றில் நூறுமுறை விழுந்தாலும் செலவில்லை. லிதியம் பற்றரிக்கு மின்னேற்றும்போது மட்டும் அதனைத் தனியே விட்டுச் செல்லலாகாது, தீப்பற்றும் இயல்புடையது.

எமது இளமையிலே தைப்பொங்கற் காலத்து வாடைக்காற்றிற் பட்டம் ஏற்றிய நினைவு வந்தது. பட்டத்துக்கு நூல் உண்டு; காற்றின் சேதியை நூல் விரலுக்குச் சொல்லும். இவ்விமானத்துக்கு நூலில்லை. பார்வை ஒன்றினாலேயே காற்றை அறிதல் வேண்டும்.

போட்டியின் கணக்கு

ஞாயிறன்று தமையனாரும் எம்முடன் வந்தார். பையன் கலந்துகொண்ட போட்டி, உலக விமான விளையாட்டுச் சம்மேளனம் எஃப்.5.ஜே. எனக் குறிப்பிடும் வகையின் விதிகளைத் தழுவியது. இவ்வகையின் முதலாவது உலகப் போட்டி 2019ஆம் ஆண்டு சிலோவாக்கியாவில் நடைபெற்றது.

விதி எளியது. பத்து நிமிட அவகாசத்துள், பறக்கும் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு புள்ளி. மோட்டாரை ஒருமுறை மட்டும், முப்பது செக்கனுக்கு மேற்படாமல் இயக்கலாம். அதனால் ஏறிய உயரத்தை விமானத்திலுள்ள கருவி குறித்துக்கொள்ளும். அவ்வுயரத்தின் ஒவ்வொரு மீற்றருக்கும் அரைப் புள்ளி கழிக்கப்படும். 200 மீற்றருக்கு மேற்சென்றால், மேலதிகமான மீற்றர் ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. இறுதியிற் குறித்த இடத்திலிருந்து ஒரு மீற்றருக்குள் இறங்கினால் 50 புள்ளி கூடும். விலக விலக அது குறையும்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நல்ல போட்டி விமானம் அசைவற்ற காற்றிற் செக்கனுக்கு 0.4 மீற்றர் வீதம் தாழ்கின்றது என்று கொள்வோம். பத்து நிமிடம் நிற்க 240 மீற்றர் உயரம் வேண்டும். நூறு மீற்றரில் மோட்டாரை நிறுத்தியவன், காற்று உதவாவிடின் நாலேகால் நிமிடத்துள் நிலத்துக்கு வந்துவிடுவான். ஆகவே உயர ஏறினாற் புள்ளி போகும். தாழ நிறுத்தினாற் பறப்பே போய்விடலாம். எங்கே நிறுத்துவதென்பதை ஒவ்வொருவனும் தானே தீர்மானித்தல் வேண்டும்.

புத்தம் புதிய போட்டி விமானமொன்றின் விலை இரண்டாயிரம் யூரோவையும் தாண்டக்கூடும். பெறாமகனுடையது பழையது, பத்திரிகை விநியோகித்துச் சேர்த்த பணத்தில் வாங்கி, இறக்கையைத் தானே செப்பனிட்டது.

மூன்று சுற்றுக்கள்

முதற் சுற்றில் அவன் அஞ்சி 170 மீற்றர் வரை ஏறினான். 597 செக்கன் பறந்து, ஆறு மீற்றர் தள்ளி இறங்கினான். 85 புள்ளி கழிய, இறங்கியதற்கு 25 கூட, மொத்தம் 537.

இரண்டாஞ் சுற்றில் துணிவு மிகுந்தது. 45 மீற்றரிலேயே மோட்டாரை நிறுத்தினான். தேடிய காற்று அங்கில்லை. 140 செக்கனில் விமானம் புல்லிற் கிடந்தது, இறங்கியதற்கும் புள்ளியில்லை. மொத்தம் 117½. தமையனார் எம்மை ஒரு பார்வை பார்த்தார். "இதற்குத்தான் இவ்வளவு பாடா?" என்பது அப்பார்வையின் பொருள்.

பையன் எவரோடும் பேசவில்லை. மூன்றாஞ் சுற்றுக்கு முன்னர் நெடுநேரம் களத்தின் ஓரத்திலே தனியே நின்றான். கம்பொன்றின் நுனியிற் கட்டிய மெல்லிய நாடா எப்பக்கம் சாய்கின்றதென்று பார்த்தான். மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த இளங்காற்று சற்றே நின்று, எதிர்ப்பக்கமிருந்து வீசிற்று. அவன் திரும்பி, அறுவடை முடிந்த கோதுமை வயலொன்றைக் காட்டி, "அப்பா, அதற்கு மேலேதான் காற்று எழும்புகிறது. இங்குள்ள காற்றை அதுதான் இழுக்கிறது" என்றான். தமையனார் மறுமொழி கூறவில்லை.

இம்முறை 70 மீற்றரில் மோட்டார் நின்றது. விமானம் வயலை நோக்கிச் சென்றது, தாழ்ந்தது, மேலும் தாழ்ந்தது. மரங்களின் உயரத்துக்கு வந்துவிட்டதென்றே எமக்குத் தோன்றிற்று. அவ்வேளை இடதிறக்கையின் நுனி மெல்ல உயர்ந்ததை நாமும் கண்டோம். பையன் உடனே உயர்ந்த பக்கமே விமானத்தைத் திருப்பினான். எழுகாற்று எந்த இறக்கையைத் தூக்குகின்றதோ அப்பக்கமே அதன் நடுவிடம் உளது என்பது அவன் கற்ற பாடம். ஒரு வட்டம், இரு வட்டம். மூன்றாவது வட்டத்தில் விமானம் ஏறத் தொடங்கிற்று. "ஏறுது, ஏறுது!" என்று உரக்கக் கூவியவர் தமையனாரே.

591 செக்கன் பறந்து, மூன்று மீற்றருக்குள் இறங்கினான். 35 கழிய, 40 கூட, மொத்தம் 596. போட்டியிட்ட 18 பேருள் அவனுக்குக் கிடைத்தது பதினோராம் இடம். பரிசு ஏதுமில்லை.

நாம் சொன்னது

திரும்பும் வழியில், "கோதுமை வயலிலே காற்று எழும்புமென்று உனக்கெப்படித் தெரியும்?" என்று தகப்பன் கேட்டார். காய்ந்த தாளும் வெறுமண்ணும் பசும்புல்லினும் விரைவாகச் சூடேறும் என்பதிலிருந்து, வீடு வரும்வரை பையன் விளக்கிக்கொண்டே வந்தான். தமிழ்ச் சொல் அகப்படாத இடங்களில் ஜேர்மன் சொல் வந்தது. எமக்கு விளங்காதவற்றைத் தமையனாரே மொழிபெயர்த்தார்.

அன்றிரவு, "சொன்னாயா?" என்று அவர் எம்மைக் கேட்டார். "இல்லை, அண்ணா" என்றோம். எமது வகுப்பிலே விடையை மனனஞ்செய்யும் மாணவர் பலர் உளர். முன்கூட்டியே ஒன்றைக் கணித்து, அதனைப் பலர்முன் சொல்லி, பிழைத்தாற் காரணந் தேடி, மீண்டும் முயலும் மாணவர் சிலரே. அச்சிலருள் ஒருவனை நீங்கள் வீட்டில் வைத்திருக்கின்றீர்கள் என்று கூறினோம். தேர்வு முடியும்வரை வாரத்தில் ஒருநாள் மட்டும் பறப்பு என்று தந்தையும் மகனும் உடன்பட்டனர்.

எமது நாட்டிலும் இதனைத் தொடங்க விரும்புவோர், சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். விமான நிலையங்களையும் சனநடமாட்டமுள்ள இடங்களையும் விலக்கி, திறந்த வெளியையே நாடுக. அதற்கு முன்னர், இலேசான பலகையாற் செய்த கையெறி கிளைடரொன்றைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். அது ஏன் விழுந்ததென்று பிள்ளை கேட்குமாயின், தந்தையும் அருகிலிருந்து சேர்ந்து தேடுவாராக.